தலைப்புச் செய்தியே தீர்ப்பானபோது: டியூக் லக்ரோஸ் அணி இழந்த நற்பெயர்

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக லக்ரோஸ் அணியைச் சேர்ந்த மூவர் மீது 2006ஆம் ஆண்டில் தாம் சுமத்திய பாலியல் வல்லுறவுக் குற்றச்சாட்டு பொய்யானது என்று, அந்தக் குற்றச்சாட்டைச் சுமத்திய பெண்ணே 2024 டிசம்பரில் வெளியான ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். வேறொரு குற்றத்துக்காகச் சிறையில் இருந்த நிலையில் அவர் அந்தப் பேட்டியை அளித்திருந்தார்.

சட்டத்தைப் பொறுத்தவரை இந்த வழக்கு 2007 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. குற்றம் சாட்டப்பட்ட மூவரும் நிரபராதிகள் என்று வட கரோலினா மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞர் அப்போதே வெளிப்படையாக அறிவித்தார். வழக்கை நடத்திய மாவட்ட அரசு வழக்கறிஞர் சில வாரங்களில் வழக்கறிஞர் தொழில் புரியும் உரிமையையே இழந்தார்.

ஆயினும், டியூக் பல்கலைக்கழகத்தையும் லக்ரோஸ் ஆட்டத்தையும் ஒரே வரியில் குறிப்பிட்டால் பலருக்கு இன்றும் முதலில் நினைவுக்கு வருவது அந்த வழக்குத்தான். ஒரு கல்லூரி விளையாட்டு அணியின் நற்பெயரைச் செய்தித் தலைப்புகள் எவ்வாறு குலைக்கின்றன என்பதையும், தலைப்பு தவறென்று நிரூபணமான பிறகும் அந்தப் பாதிப்பு ஏன் நீங்குவதில்லை என்பதையும் ஆராய இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

நடந்தது என்ன?

லக்ரோஸ் தமிழர்களுக்கு அதிகம் அறிமுகமில்லாத ஆட்டம். வட அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் தோன்றியது. நீண்ட கோலின் முனையில் வலைப்பை பொருத்தி, அதனால் பந்தை ஏந்தியும் எறிந்தும் ஆடப்படுவது. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் வசதி படைத்த குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளிகளில் இது பெரிதும் வழக்கில் உள்ளது. டியூக் அணி 2005ஆம் ஆண்டுத் தேசியக் கல்லூரிப் போட்டிகளின் இறுதி ஆட்டத்தில் ஜான்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்திடம் 9-8 என்ற கணக்கில் தோற்ற, முன்னணி அணிகளில் ஒன்று.

2006 மார்ச் 13ஆம் தேதி இரவு, டர்ஹாம் நகரில் அணித் தலைவர்கள் மூவர் வாடகைக்கு இருந்த வீட்டில் ஒரு விருந்து நடந்தது. நடனமாடுவதற்காக இரண்டு பெண்கள் பணம் கொடுத்து அழைக்கப்பட்டிருந்தனர். அவர்களில் ஒருவர் அதே நகரில் உள்ள வட கரோலினா மத்திய பல்கலைக்கழகத்தின் மாணவி, கறுப்பினத்தவர். அந்த வீட்டின் குளியலறையில் வெள்ளையர் மூவர் தம்மை வல்லுறவுக்கு உட்படுத்தியதாக அவர் பின்னர் கூறினார்.

மார்ச் 23ஆம் தேதி நீதிமன்ற உத்தரவின் பேரில் அணியின் 47 வீரர்களில் 46 பேரிடம் மரபணு மாதிரிகள் பெறப்பட்டன. எஞ்சிய ஒருவர் அணியிலிருந்த ஒரே கறுப்பின வீரர். அடுத்த சில நாட்களில் டர்ஹாம் நகரம் தேசியத் தொலைக்காட்சிகளின் ஒளிபரப்பு வாகனங்களால் நிரம்பியது.

மரபணுச் சோதனையின் மாதிரிகள் எந்த வீரருடனும் பொருந்தவில்லை என்று ஏப்ரல் 10ஆம் தேதி வீரர்களின் வழக்கறிஞர்கள் அறிவித்தனர். ஆயினும் ஏப்ரல் 18ஆம் தேதி இரண்டு வீரர்கள் கைது செய்யப்பட்டனர். மே 15ஆம் தேதி, பட்டம் பெற்ற மறுநாளே, அணித் தலைவர்களில் ஒருவர் மீதும் குற்றச்சாட்டு பதிவானது.

வழக்கை முன்னெடுத்த மாவட்ட அரசு வழக்கறிஞர் மைக் நைஃபோங் அப்போது தேர்தல் களத்தில் இருந்தார். 2005ஆம் ஆண்டில் நியமனம் மூலம் பதவிக்கு வந்த அவர், 2006 மே மாதத்தில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலைச் சந்திக்க வேண்டியிருந்தது. வழக்கின் தொடக்க நாட்களில் அவர் செய்தியாளர்களுக்கு ஏராளமான பேட்டிகளை அளித்தார். வல்லுறவு நடந்தது என்பதில் தமக்கு ஐயமில்லை என்ற தொனியிலேயே அவை அமைந்திருந்தன. வீரர்களைப் போக்கிரிகள் என்றும் அவர் வர்ணித்தார்.

தலைப்பில் விடுபட்ட சொல்

மாநிலத் தலைநகர் ராலேயிலிருந்து வெளிவரும் 'நியூஸ் அண்ட் ஒப்சர்வர்' நாளிதழ் 2006 மார்ச் 25ஆம் தேதி அந்தப் பெண்ணின் பேட்டியை வெளியிட்டது. நடனமாடச் சென்றவர் தமக்கு நேர்ந்த கொடுமையை விவரிக்கிறார் என்பது அதன் தலைப்பின் பொருள்.

அந்தத் தலைப்பில் பொய் என்று சொல்லத்தக்க சொல் எதுவும் இல்லை. அந்தப் பெண் பேசியது உண்மை. அவர் ஒரு கொடுமையை விவரித்ததும் உண்மை. ஆனால் 'நேர்ந்த கொடுமை' என்று எழுதும்போது, கொடுமை நேர்ந்தது என்பது முடிந்த முடிவாகிவிடுகிறது. அதை யார் சொல்கிறார், எந்த ஆதாரத்தின் பேரில் சொல்கிறார் என்ற கேள்விகள் தலைப்பைத் தாண்டிப் படிப்பவருக்கு மட்டுமே எழும்.

செய்தி அறையில் பணியாற்றியவர்கள் இதன் நடைமுறைக் காரணத்தை அறிவார்கள். பெரும்பாலான நாளிதழ்களில் தலைப்பை எழுதுபவர் செய்தியாளர் அல்லர். பக்கத்தை வடிவமைக்கும் மேசையில் இருக்கும் துணை ஆசிரியர். இரவு நேரத்தில், இத்தனை பத்திக்கு இத்தனை எழுத்து என்ற அளவுக்குள் அவர் தலைப்பை அடக்க வேண்டும். இடம் போதாதபோது முதலில் வெட்டுப்படுவது, 'கூறப்படும்', 'சந்தேகிக்கப்படும்' போன்ற சொற்கள்தாம். அவை செய்தியின் வேகத்தைக் குறைப்பவையாகத் தோன்றுகின்றன. ஆனால் சட்டத்தின் பார்வையில் குற்றச்சாட்டையும் குற்றத்தையும் பிரித்துக் காட்டுபவை அவைதாம்.

தமிழ்ச் செய்தி மொழியிலும் இதே ஆபத்து உண்டு. 'வல்லுறவு புரிந்ததாகக் கூறப்படும் மாணவர்' என்பதற்கும் 'வல்லுறவு புரிந்த மாணவர்' என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு ஒன்றிரண்டு சொற்களே. மேற்கோள் குறிக்குள் இட்டுவிட்டால் போதும், ஐயம் தெரிவித்ததாகிவிடும் என்று கருதும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. செய்தி வாய்வழியாகப் பரவும்போது அந்த மேற்கோள் குறி காதில் விழுவதில்லை.

மூவரிலிருந்து 47 பேருக்கு

குற்றச்சாட்டு மூன்று பேர் மீது. அந்த மூவர் யார் என்று தெரியாதிருந்த முதல் மூன்று வாரங்களில், தலைப்புகளில் இடம்பெற்றது அணியின் பெயர். 'டியூக் அணி', 'லக்ரோஸ் வீரர்கள்' என்று எழுதும்போது எழுவாய் 47 பேரையும் உள்ளடக்கிவிடுகிறது. விருந்துக்கே செல்லாத வீரர்களும் அதில் அடங்குவர்.

தனிமனிதர் ஒருவர் மீது தவறான குற்றச்சாட்டை வெளியிட்டால், அவர் அவதூறு வழக்குத் தொடரக்கூடும் என்ற அச்சம் பத்திரிகைகளுக்கு உண்டு. ஒரு குழுவின் பெயரை எழுதும்போது அந்த அச்சம் குறைகிறது. பெரிய குழு ஒன்றைப் பொதுவாகக் குறை கூறினால், அதன் தனித்த உறுப்பினர் அவதூறு வழக்கில் வெல்வது கடினம். ஆகவே எச்சரிக்கை மிகுந்த ஆசிரியர்கூட, பெயரைத் தவிர்த்து அணியைக் குறிப்பிடுவதே பாதுகாப்பானது என்று கருத நேர்கிறது. பத்திரிகைக்குப் பாதுகாப்பாக அமையும் சொல், பெயர் சொல்லப்படாத 44 பேருக்குப் பாதுகாப்பைப் பறிக்கும் சொல்லாகிவிடுகிறது.

இந்தக் கூட்டுப் பெயர் பத்திரிகையோடு நிற்கவில்லை. வீரர்களின் புகைப்படங்கள் அச்சிடப்பட்ட, தேடப்படும் குற்றவாளிகள் பற்றிய அறிவிப்பைப் போன்ற சுவரொட்டிகள் வளாகத்தில் விநியோகிக்கப்பட்டன. ஏப்ரல் 4ஆம் தேதி அந்தப் பெண்ணிடம் அடையாளம் காணுமாறு போலீசார் காட்டிய படங்களும் அணி வீரர்களின் படங்கள் மட்டுமே. வழக்கோடு தொடர்பில்லாதவர்களின் படங்களையும் கலந்து காட்டுவதே முறையான நடைமுறை. அது பின்பற்றப்படாததால், அவர் யாரைச் சுட்டிக்காட்டினாலும் அணி வீரர் ஒருவரையே சுட்டிக்காட்ட முடியும் என்ற நிலை உருவானது.

வீரர்கள் மௌனச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள் என்ற கருத்தும் இதே வகையில் பரவியது. விளையாட்டுப் பக்கக் கட்டுரையாளர்கள், மனச்சாட்சியைவிடத் தோழமையை மேலாக மதிக்கும் கூட்டம் என்று அணியைக் கண்டித்தனர். உண்மையில், அந்த வீட்டில் குடியிருந்த அணித் தலைவர்கள் மூவரும் மார்ச் 16ஆம் தேதியே வழக்கறிஞர் துணையின்றிப் போலீசாரிடம் வாக்குமூலம் அளித்து, மாதிரிகளையும் தாமாகவே கொடுத்திருந்தனர். பொய் கண்டறியும் சோதனைக்கும் முன்வந்திருந்தனர். ஏனையோர் வழக்கறிஞரின் ஆலோசனைப்படி பேசாதிருந்தது அரசியல் சாசனம் வழங்கும் உரிமை. ஆனால் விளையாட்டுப் பக்கத்தின் மொழியில் மௌனம் என்பது எப்போதும் ஒரு வியூகம். எதிரணியிடமிருந்து எதையோ மறைப்பது.

உண்மை பொய்க்குத் துணை போனது எப்படி?

இந்த அணி அப்பழுக்கற்றது என்று கூறுவதற்கில்லை. விருந்தில் வயது வராதோர் மது அருந்தினர். நடனப் பெண்கள் வெளியேறியபோது இன ரீதியான இழிசொற்கள் வீசப்பட்டன. விருந்துக்குப் பின்னர் வீரர் ஒருவர் அனுப்பிய அருவருக்கத்தக்க மின்னஞ்சல் ஏப்ரல் 5ஆம் தேதி பகிரங்கமானது. திரைப்படமாகவும் வந்த ஒரு நாவலைக் கேலியாகப் பின்பற்றி எழுதப்பட்டது அது என்பது பின்னர் விளக்கப்பட்டாலும், படித்தவர்களின் அதிர்ச்சி நியாயமானதே.

முந்தைய மூன்று ஆண்டுகளில் 47 வீரர்களில் 15 பேர் மீது போலீஸ் வழக்குகள் பதிவாகியிருந்தன என்ற செய்தியும் வெளியானது. எண்ணிக்கை சரியானது. மூன்றில் ஒரு பங்கினர் வழக்குகளில் சிக்கியவர்கள் என்ற தலைப்பைப் பார்ப்பவர் ஒரு வன்முறைக் கும்பலைக் கற்பனை செய்வார். செய்தியின் உட்பகுதியை வாசித்தவர்களுக்குத்தான், அவை பெரும்பாலும் உரிய வயதுக்கு முன் மது வைத்திருந்தது, இரைச்சல் எழுப்பியது, பொது இடத்தில் சிறுநீர் கழித்தது போன்ற சிறு குற்றங்கள் என்பது தெரியவந்தது.

பல்கலைக்கழகம் நியமித்த குழு ஒன்று, சட்டப் பேராசிரியர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில், அணியின் ஐந்தாண்டு கால நடத்தையை ஆராய்ந்து 2006 மே மாதத்தில் அறிக்கை அளித்தது. மது அருந்திய வேளைகளில் வீரர்கள் பொறுப்பின்றி நடந்திருக்கிறார்கள் என்று அது கண்டித்தது. அதே வேளையில், அவர்கள் இனவாதிகளாகவோ பெண்களை இழிவாக நடத்துபவர்களாகவோ இருந்தார்கள் என்பதற்குச் சான்றில்லை என்றும், படிப்பில் நன்றாகவே விளங்கினார்கள் என்றும் அது கூறியது. இரு பக்கமும் சொல்லும் இத்தகைய அறிக்கையை ஒரு தலைப்பில் அடக்குவது கடினம். குற்றச்சாட்டு பெற்ற இடத்தின் அளவோடு ஒப்பிட்டால் இதற்குக் கிடைத்த கவனம் சொற்பமே.

சிறிய உண்மைகள் பெரிய பொய்யொன்றுக்குப் பக்கத்தில் அச்சிடப்படும்போது, ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சியம் கூறத் தொடங்குகிறது. மது அருந்தியவர்கள், இழிசொல் பேசியவர்கள், ஆகவே இதையும் செய்திருப்பார்கள் என்ற முடிவுக்கு வாசகர் தாமாகவே வந்து சேர்கிறார். அந்த முடிவை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை என்பதால், அதற்கு யாரும் பொறுப்பேற்கவும் இல்லை.

மக்கள் ஏன் நம்பினார்கள்?

தலைப்பு மட்டும் தனியாக இத்தனையைச் சாதித்திருக்க முடியாது. டர்ஹாமில் கறுப்பின மக்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். நகரின் நடுவே, செல்வம் மிக்க தனியார் பல்கலைக்கழகமான டியூக். மறுபுறம், கறுப்பினத்தவரின் கல்விக்காக நிறுவப்பட்ட வட கரோலினா மத்திய பல்கலைக்கழகம். அமெரிக்கத் தென்மாநிலங்களில் வெள்ளை ஆண்கள் கறுப்பினப் பெண்களுக்கு இழைத்த கொடுமைகளும், அவற்றுக்கு நீதிமன்றங்கள் காட்டிய பாராமுகமும் வரலாறு.

அந்த வரலாற்றை அறிந்தவர்களுக்கு, வசதியான வெள்ளை மாணவர்கள், ஏழைக் கறுப்பினத் தாய் என்ற செய்தி, தாம் ஏற்கனவே அறிந்த ஒரு கதையின் புதிய அத்தியாயமாகவே தோன்றியது. ஏப்ரல் 6ஆம் தேதி டியூக் பேராசிரியர்கள் 88 பேர் மாணவர் நாளிதழில் வெளியிட்ட விளம்பரம் இந்த உணர்விலிருந்தே பிறந்தது. வளாகத்தில் நிலவிய இன, பாலினப் பாகுபாடு பற்றிய மாணவர்களின் குரலை எடுத்துரைப்பதே அதன் நோக்கம் என்று அவர்கள் கூறினர். ஆனால் அது வெளிவந்த வேளை காரணமாக, சொந்தப் பேராசிரியர்களே அணியைக் கைவிட்டார்கள் என்றே பலரும் புரிந்துகொண்டனர்.

அரசியல் படித்தவர்கள் இங்கு ஒன்றைக் கவனிக்கலாம். சமூகத்தின் நியாயமான மனக்குறை ஒன்று, அதற்குத் தொடர்பற்ற ஒரு வழக்கின் மேல் ஏற்றப்பட்டது. தேர்தலை எதிர்நோக்கிய அரசு வழக்கறிஞருக்கு அது வாக்கானது. செய்தி நிறுவனங்களுக்கு வாசகர்களைத் தந்தது. மனக்குறை கொண்ட மக்களுக்கு அதனால் கிடைத்தது எதுவுமில்லை.

தலைப்புக்குப் பதிலளித்த பல்கலைக்கழகம்

ஒரு கல்லூரி அணி சுதந்திரமான அமைப்பு அல்ல. அதன் முடிவுகளைப் பல்கலைக்கழக நிர்வாகம் எடுக்கிறது. நிர்வாகம் நன்கொடையாளர்களையும் மாணவர் சேர்க்கையையும் நகர மக்களையும் மனதில் கொண்டே இயங்குகிறது. ஆகவே தலைப்புச் செய்தி முதலில் தாக்குவது நிர்வாகத்தின் நிதானத்தை.

மார்ச் 25ஆம் தேதி, ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துடனான ஆட்டம் கைவிடப்பட்டது. மார்ச் 28ஆம் தேதி ஏனைய ஆட்டங்களும் நிறுத்தி வைக்கப்பட்டன. ஏப்ரல் 5ஆம் தேதி, அந்த மின்னஞ்சல் பகிரங்கமான அதே நாளில், அந்தப் பருவத்தின் எஞ்சிய ஆட்டங்கள் அனைத்தும் ரத்துச் செய்யப்பட்டன. 16 பருவங்கள் அணிக்குப் பயிற்சியளித்த மைக் பிரெஸ்லர் அன்றே பதவி விலகினார். அதுவரை யார் மீதும் குற்றச்சாட்டு பதிவாகியிருக்கவில்லை.

வழக்கின் தன்மையை முன்கூட்டியே தீர்மானிக்கவில்லை என்று பல்கலைக்கழகத் தலைவர் ரிச்சர்ட் பிராட்ஹெட் கூறினார். ஆயினும் ஒவ்வொரு நடவடிக்கையும் மறுநாள் புதிய தலைப்பானது. பயிற்சியாளர் விலகினார், பருவம் ரத்தானது என்ற செய்திகளைப் படிப்பவர், உள்ளே இருப்பவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்றுதான் எண்ணுவார். தலைப்பு நடவடிக்கையைத் தூண்ட, நடவடிக்கை தலைப்பை உறுதி செய்ய, இந்தச் சுழற்சியில் புதிய ஆதாரம் எதுவுமே தேவைப்படவில்லை.

மே 1ஆம் தேதியிட்ட 'நியூஸ்வீக்' வார இதழின் அட்டையில், கைதான இருவரின் போலீஸ் புகைப்படங்கள் வெளியாகின. பாலுறவு, பொய்கள், டியூக் என்று பொருள்படும் தலைப்பு அவற்றோடு இடம்பெற்றது. யாருடைய பொய் என்று அட்டை சொல்லவில்லை. படத்தில் இருந்தவர்கள் இருவர் மட்டுமே.

2007 செப்டம்பரில், அந்த மாணவர்களுக்கும் அவர்களது குடும்பங்களுக்கும் தேவையான வேளையில் ஆதரவளிக்கத் தவறியதற்காக பிராட்ஹெட் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார்.

திருத்தம் சென்றடையாத இடம்

வழக்கின் போக்கை மாற்றியதிலும் ஊடகங்களுக்குப் பங்குண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 2006 அக்டோபரில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் 'சிக்ஸ்டி மினிட்ஸ்' நிகழ்ச்சியில் எட் பிராட்லி அளித்த தொகுப்பு, வழக்கின் ஓட்டைகளைத் தேசத்தின் முன் வைத்தது. மார்ச் 25ஆம் தேதித் தலைப்பை வெளியிட்ட அதே 'நியூஸ் அண்ட் ஒப்சர்வர்' நாளிதழின் ஜோசப் நெஃப் என்ற செய்தியாளர், ஆவணங்களைத் துருவி ஆராய்ந்து, அரசு வழக்கறிஞரின் தவறுகளைத் தொடர்ந்து எழுதினார்.

2006 டிசம்பர் 15ஆம் தேதி நீதிமன்றத்தில் சாட்சியமளித்த தனியார் மரபணு ஆய்வக இயக்குநர், அணியைச் சேராத வேறு ஆண்களின் மரபணுக்கள் கண்டறியப்பட்டதைத் தமது அறிக்கையில் சேர்க்காமல் விட்டது நைஃபோங்குடன் பேசி எடுத்த முடிவு என்று ஒப்புக்கொண்டார். 2007 ஜனவரியில் நைஃபோங் வழக்கிலிருந்து விலகினார். ஏப்ரல் 11ஆம் தேதி மாநிலத் தலைமை அரசு வழக்கறிஞர் ரோய் கூப்பர் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் தள்ளுபடி செய்தார். போதிய ஆதாரமில்லை என்பதோடு நிற்காமல், மூவரும் நிரபராதிகள் என்றே அவர் அறிவித்தார். ஜூன் 16ஆம் தேதி நைஃபோங்கின் வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டது. பின்னர் நீதிமன்ற அவமதிப்புக்காக அவர் ஒரு நாள் சிறையிலும் இருந்தார்.

இவை யாவும் முதல் பக்கச் செய்திகளாகவே வெளிவந்தன. அப்படியிருந்தும் அவை முதல் தலைப்பை அழிக்கவில்லை. குற்றச்சாட்டு எளிமையானது, ஒரு வரியில் நினைவில் நிற்கும். குற்றமின்மை விளக்கம் தேவைப்படுவது. வங்கி இயந்திரத்தின் கேமராப் பதிவு, வாடகைக் கார் ஓட்டுநரின் வாக்குமூலம், விடுதிக் கதவின் மின்னட்டைப் பதிவு ஆகியவற்றின் நேரங்களை ஒப்பிட்டால்தான், குற்றம் சாட்டப்பட்ட வீரர்களில் ஒருவர் அந்த வேளையில் அங்கு இருந்திருக்க இயலாது என்பது புரியும். அத்தனை பொறுமை வழக்கறிஞருக்கு உண்டு. பத்திரிகையைப் புரட்டும் வாசகரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

வழக்குக்கு ஊடகங்கள் சூட்டிய பெயரும் மற்றொரு காரணம். அரசு வழக்கறிஞரின் முறைகேடே அந்த வழக்கின் மையம் என்று தெரிந்த பிறகும், அது அவர் பெயரால் அழைக்கப்படவில்லை. 'டியூக் லக்ரோஸ் வழக்கு' என்ற பெயரே நிலைத்தது. ஒவ்வொரு திருத்தமும், அந்தப் பெயரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருந்தது. இணையத் தேடலில் ஒரு வீரரின் பெயரை இடும் வேலைவாய்ப்பு அதிகாரி முதலில் காண்பதும் அதுவே.

மௌனம் தீர்வாகுமா?

கல்லூரி அணிகள் பற்றிய குற்றச்சாட்டுகளை வெளியிடாமல் இருப்பதே பாதுகாப்பு என்ற முடிவுக்கு இதிலிருந்து வருவது தவறு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் அனுபவம் அதற்குச் சான்று.

அந்தப் பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் முன்னாள் துணைப் பயிற்சியாளர் ஜெரி சாண்டஸ்கி, சிறுவர்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதாகக் கூறப்படுவது குறித்து விசாரணை நடக்கிறது என்பதை, 'பேட்ரியட் நியூஸ்' என்ற உள்ளூர்ப் பத்திரிகையின் இளம் செய்தியாளர் சாரா கேனிம் 2011 மார்ச் மாத இறுதியில் வெளிக்கொணர்ந்தார். அப்போது தேசிய ஊடகங்கள் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. நவம்பரில் சாண்டஸ்கி கைதானார். 2012 ஜூனில் 45 குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. அந்தச் செய்திகளுக்காகக் கேனிமும் அவரது பத்திரிகையும் 2012ஆம் ஆண்டு புலிட்சர் பரிசைப் பெற்றனர்.

இரு பத்திரிகைகளும் வெளியிட்டது கடுமையான குற்றச்சாட்டையே. பென்சில்வேனியாவில் தலைப்பு, விசாரணை நடப்பதையும் யாரைப் பற்றியது என்பதையும் சொன்னது. அதன் பின்னால் மாதக் கணக்கான தேடல் இருந்தது. டர்ஹாமில், அரசு வழக்கறிஞரின் பேட்டியே ஆதாரமாகக் கொள்ளப்பட்டது. அதிகாரத்தில் உள்ளவர் சொல்வதைச் சோதித்துப் பார்க்கும் கடமை, அவர் பலவீனருக்காகப் பேசுவதாகச் சொல்லும்போதும் நீங்கிவிடுவதில்லை.

பொய்யான குற்றச்சாட்டின் விலையை வீரர்கள் மட்டும் கொடுக்கவில்லை. பின்னாளில் உண்மையாகவே பாதிக்கப்பட்டு முறையிடும் மாணவியிடம், டியூக்கில் நடந்ததை மறந்துவிட்டீர்களா என்று கேட்கப்படும் நிலை உருவானது. அவசரத் தலைப்பு, தான் ஆதரிக்க நினைத்தவர்களுக்கே தீங்கிழைத்தது.

எஞ்சியிருப்பது

அணி 2007ஆம் ஆண்டில் மீண்டும் தேசிய இறுதி ஆட்டத்தை எட்டி, ஜான்ஸ் ஹொப்கின்ஸிடம் 12-11 என்ற கணக்கில் தோற்றது. ரத்தான பருவத்துக்கு ஈடாக, 33 வீரர்களுக்குக் கூடுதலாக ஓர் ஆண்டு ஆட அனுமதி வழங்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் நோட்டர் டேம் அணியைக் கூடுதல் நேரத்தில் 6-5 என்ற கணக்கில் வென்று, டியூக் முதன்முறையாகத் தேசியப் பட்டத்தைக் கைப்பற்றியது. 2006ஆம் ஆண்டில் முதலாண்டு மாணவர்களாக இருந்து அந்த நாட்களைக் கடந்து வந்த சிலரும் அந்த ஆட்டத்தில் களத்தில் இருந்தனர். பதவி விலகிய பிரெஸ்லர், அதே 2010ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய அணியின் பயிற்சியாளராக உலகப் பட்டத்தை வென்றார்.

அந்த வெற்றிகளைக் குறித்த செய்திகளிலும் 2006ஆம் ஆண்டு நினைவூட்டப்பட்டது. ஒரு பட்டத்தைப் பற்றிய செய்தியில், ஒருபோதும் நடக்காத குற்றம் ஒன்று பின்னணித் தகவலாக இடம்பெறுகிறது. அந்தப் பத்தியை எழுதுபவர், அது நடக்கவில்லை என்பதையும் அதே பத்தியில் எழுதுகிறாரா என்பதை வாசகர் கவனிக்க வேண்டியிருக்கிறது.

வெளிநாடுகளில் வாழும் தமிழர்களின் பிள்ளைகள் பலரும் இத்தகைய பல்கலைக்கழகங்களில் பயில்கிறார்கள். அவர்கள் சேரும் அணியின் பெயரோ, அவர்கள் சார்ந்த சமூகத்தின் பெயரோ நாளை ஒரு தலைப்பின் எழுவாயாகலாம். அத்தகைய தலைப்பைக் காணும்போது கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இதைச் சொல்பவர் யார்? குற்றச்சாட்டு எத்தனை பேர் மீது? அந்த எண்ணிக்கையும் தலைப்பில் உள்ள பெயரும் பொருந்துகின்றனவா? 2006ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் டர்ஹாமில் இவற்றைக் கேட்டவர்கள் மிகச் சிலரே.